நெட்வொர்க் பொறியாளர் வேலை: நன்மைகளும் குறைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முடிக்கப்போகும் மாணவர்கள், ஹெல்ப்டெஸ்க் வேலையிலிருந்து அடுத்த படி தேடுபவர்கள், வேறு துறையை விட்டு இதற்கு மாற நினைப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தத் தொழிலை மிகவும் மதிப்பவன் நான். அதனாலேயே இதன் கசப்பான பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். விவரம் தெரியாமல் உள்ளே வந்து, நல்ல திறமை இருந்தும் சீக்கிரமே சலித்து வெளியேறுபவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

நெட்வொர்க் பொறியாளர் அன்றாடம் என்னதான் செய்கிறார்?

சர்வர், கணினி, தொலைபேசி, கேமரா என எது எதோடு பேச வேண்டுமோ அவற்றுக்கு இடையே வழி அமைப்பார். பேசக் கூடாதவற்றுக்கு நடுவே தடுப்பு வைப்பார். வழி அடைபட்டால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வார். ரூட்டர் (நெட்வொர்க்குகளுக்கு இடையே வழிகாட்டும் கருவி), ஸ்விட்ச் (ஒரே நெட்வொர்க்கின் கருவிகளை இணைப்பது), ஃபயர்வால் (தடுப்புச் சுவர்), லோட் பேலன்சர் (பளுவைப் பல சர்வர்களுக்குப் பிரித்துத் தருவது), வைஃபை கருவிகள் ஆகியவை அவர் கையாளும் பொருள்கள்.

பதவியின் பெயரை மட்டும் பார்த்து வேலையைத் தீர்மானித்துவிடாதீர்கள். ஒரே பெயருக்குள் முற்றிலும் வேறுபட்ட வேலைகள் இருக்கின்றன. நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் இருப்பவர் திரையில் வரும் எச்சரிக்கைகளைப் பார்த்து டிக்கெட் (சிக்கலுக்கான பதிவு) திறப்பார், முதல்கட்டச் சோதனைகளைச் செய்வார், மேலே அனுப்புவார். இணையச் சேவை நிறுவனத்தில் இருப்பவர் நாள் முழுவதும் பிஜிபி (பெரிய நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழிகளை அறிவிக்கும் முறை) வழித்தடங்களோடு இருப்பார். ஒரு நடுத்தர நிறுவனத்தின் ஒரே நெட்வொர்க் பொறியாளருக்குக் காலையில் வைஃபை புகார், மதியம் புதிய கிளை அலுவலகத்தின் இணைப்பு, மாலையில் ஃபயர்வால் விதி மாற்றம் என்று நாள் போகும். கருவி தயாரிப்பாளரின் உதவி மையத்தில் இருப்பவர் மற்றவர்களின் நெட்வொர்க்குகளில் வரும் மிகக் கடினமான சிக்கல்களை மட்டுமே பார்ப்பார். வடிவமைப்பாளரின் நாளில் பாதி வரைபடங்களிலும் மீதி கூட்டங்களிலும் கழியும்.

கீழே நான் சொல்லும் நன்மை, தீமை எல்லாமே நீங்கள் இதில் எந்த நாற்காலியில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும்.

இந்த வேலையின் மிகப் பெரிய நன்மை என்ன?

கற்றது வீணாகாது. சம்பளத்தைவிட இதையே முதலில் சொல்வேன்.

கேபிள் வழியே கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் 1973இல் உருவானது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று, இன்றைய இணையத்தின் அடிப்படை விதிமுறைகளான டிசிபி/ஐபிக்கு மாறியது. ஸ்விட்சுகளுக்கு இடையே பாக்கெட்டுகள் (தரவின் சிறு துண்டுகள்) முடிவில்லாமல் சுற்றுவதைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறையை 1985இல் ராடியா பெர்ல்மன் வகுத்தார். இன்றைக்கும் இணையத்தின் பெரிய நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் பிஜிபியின் முதல் வடிவம் 1989இல் வந்தது. இவை எல்லாமே பலமுறை திருத்தப்பட்டிருக்கின்றன, வேகம் ஆயிரக்கணக்கான மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் அடிப்படைக் கருத்து மாறவில்லை. ஒரு பாக்கெட் எப்படித் தன் அடுத்த நிறுத்தத்தைக் கண்டுபிடிக்கிறது என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவருக்கு அந்தப் புரிதல் பணிக்காலம் முழுவதும் பயன்படும்.

மென்பொருள் துறையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கருவிகளும் கட்டமைப்புகளும் தலைகீழாக மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இங்கே புதியவை வரும்போது பழையவற்றின் மேல் அடுக்காக வருகின்றன. ஒரு நெட்வொர்க்கின் மேல் மெய்நிகர் நெட்வொர்க்குகளை அமைக்க, பெரிய தரவு மையங்களில் இன்று பரவலாகப் பயன்படும் விஎக்ஸ்லேன், ஈவிபிஎன் ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, டிசிபியைப் போலப் பழைய அனுப்பும் முறையான யுடிபி மேல் ஓடுகிறது, இரண்டாவது பிஜிபி மேல் ஓடுகிறது. பழையதைத் தெரிந்தவருக்குப் புதியது சில வாரங்களில் வசப்படும்.

அப்படியானால் மிகப் பெரிய குறை?

நெட்வொர்க் ஒழுங்காக ஓடும்போது யாருக்கும் உங்கள் நினைவு வராது. நின்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வரும்.

இது வெறும் மனக்குறை சார்ந்த விஷயமில்லை, வேலையின் அமைப்பே அப்படி. ஒரு செயலியில் பிழை இருந்தால் அந்தச் செயலியைப் பயன்படுத்துபவர்கள் மட்டும் பாதிக்கப்படுவார்கள். மையத்தில் உள்ள ஒரு ரூட்டரில் பிழை நேர்ந்தால் அதன் மேல் ஓடும் எல்லாமே நிற்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய 6 மணி நேரம் உலகம் முழுவதும் முடங்கின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் இருந்த பிழையால் அது தடுக்கப்படவில்லை. தரவு மையங்களைத் தொடர்புகொள்ள முடியாத டிஎன்எஸ் சர்வர்கள் (தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தருபவை) தங்கள் வழித்தட அறிவிப்புகளைத் தாமாகவே பிஜிபியிலிருந்து விலக்கிக்கொண்டன. பொறியாளர்கள் தொலைவிலிருந்து நுழையும் வழியும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், நேரில் ஆள் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 8 அன்று, கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில் ஒரு ரூட்டர் அமைப்பிலிருந்து ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. அளவுக்கு மீறிய வழித்தடங்கள் மைய ரூட்டர்களுக்குள் பாய்ந்து அவை செயலிழந்தன. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இணைப்பை இழந்தார்கள். அவசர அழைப்புகள்கூடப் பலருக்குப் போகவில்லை.

இந்த அளவு பொறுப்பு ஒரு கட்டளைக்குள் அடங்கியிருக்கும் தொழில்கள் அதிகம் இல்லை. சிலருக்கு அது பெருமை. சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் பாரம். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை வேலைக்கு வருவதற்கு முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

செய்யாத குற்றத்துக்கும் பழி வருமா?

வரும். எதுவும் மெதுவாக இருந்தால் முதல் சந்தேகம் நெட்வொர்க் மேல்தான். அதை மறுக்க வேண்டுமானால் சான்று காட்டுவதும் உங்கள் பொறுப்புதான்.

ஓர் எடுத்துக்காட்டு. கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 5,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப 50 மில்லி விநாடியாவது ஆகும். இதை எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது, இயற்பியல் விதித்த எல்லை அது. இப்போது ஒரு மென்பொருள் ஒரு பக்கத்தைக் காட்ட, தரவுத்தளத்திடம் ஒன்றன்பின் ஒன்றாக 100 கேள்விகள் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பில் மட்டுமே 5 விநாடிகள் போய்விடும். சர்வர் பக்கத்து அறையில் இருந்தபோது இது தெரியவே தெரியாது. சர்வரைத் தொலைவுக்கு மாற்றிய மறுநாள் ‘நெட்வொர்க் மெதுவாகிவிட்டது’ என்று புகார் வரும். வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பாக்கெட்டுகளைப் பிடித்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் காட்டி, மாற வேண்டியது மென்பொருள்தான் என்று பணிவாகப் புரியவைப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

இதில் அலுப்பும் இருக்கிறது, பலனும் இருக்கிறது. பழியைத் தீர்க்கப்போய் டிஎன்எஸ், சர்வர், தரவுத்தளம், மென்பொருள் எல்லாவற்றையும் அரைகுறையாகவாவது கற்றுக்கொள்வீர்கள். முழு அமைப்பையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்க்கத் தெரிந்தவர் என்ற மதிப்பு நெட்வொர்க் பொறியாளருக்குக் கிடைப்பது இப்படித்தான்.

இரவு வேலை கட்டாயமா?

பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு வடிவில் உண்டு. மூன்று வகையாக வரும்.

முதலாவது ஷிப்ட். கண்காணிப்பு மையங்கள் 24 மணி நேரமும் இயங்குபவை. தொடக்க நிலை வேலைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன என்பதால் முதல் சில ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்க்க வேண்டிவரும்.

இரண்டாவது மாற்ற நேரம். ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பிப்பது, இணைப்பை வேறு கருவிக்கு மாற்றுவது போன்றவற்றை வேலை நேரத்தில் செய்ய முடியாது. நள்ளிரவுக்குப் பிறகு, அல்லது வார இறுதியில், அல்லது எல்லோரும் விடுமுறையில் இருக்கும் நாளில்தான் செய்ய முடியும். மற்றவர்களின் ஓய்வு நேரமே உங்கள் வேலை நேரம் என்பதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மூத்த பொறியாளர் ஆனாலும் இது போகாது. சொல்லப்போனால், கடினமான மாற்றங்கள் மூத்தவர்களிடம்தான் வரும்.

மூன்றாவது ஆன்-கால். உங்கள் முறை வரும் வாரத்தில் தொலைபேசியை அணைக்க முடியாது, மடிக்கணினி இல்லாமல் வெளியூர் போக முடியாது. 99.999% நேரம் இயங்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தால் ஓர் ஆண்டில் அனுமதிக்கப்படும் தடை மொத்தம் 5 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். 99.9% என்றால் ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம். நேர்காணலில் இந்த எண்ணைக் கேளுங்கள். ஆன்-கால் முறையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், அதற்குத் தனி ஊதியமோ ஈடுவிடுப்போ உண்டா, கடந்த மாதம் எத்தனை முறை இரவில் அழைப்பு வந்தது என்றும் கேளுங்கள். இரண்டே பேர் மாறி மாறிப் பார்க்கும் இடம் என்றால், சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் தயங்குவேன். பலர் இந்தத் தொழிலை விட்டுப் போவது தொழில்நுட்பம் கடினமாக இருப்பதால் இல்லை, இந்த ஓய்வின்மையால்தான்.

ஒரு தவறான கட்டளையால் எல்லாம் நின்றுவிடும் என்ற பயத்தோடு எப்படி வேலை செய்வது?

பயம் முழுவதும் போக வேண்டியதில்லை, அது முறையான பழக்கமாக மாறினால் போதும்.

நன்கு அறியப்பட்ட ஒரு பொறியைப் பாருங்கள். கருவி தயாரிப்பாளரான சிஸ்கோவின் ஸ்விட்சில் பல வீலேன்களை (ஒரே ஸ்விட்சுக்குள் பிரிக்கப்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகள்) சுமக்கும் ட்ரங்க் இணைப்பில் புதிதாக ஒரு வீலேனை அனுமதிக்க வேண்டும். கட்டளையில் ‘ஆட்’ (add) என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், புதியது பட்டியலில் சேராது, பட்டியலே அழிந்து புதியது மட்டும் மிஞ்சும். மற்ற வீலேன்களில் இருந்த அனைவரும் அந்த நொடியே துண்டிக்கப்படுவார்கள். அந்த ஸ்விட்சுக்குள் நீங்கள் நுழைந்த வழியும் அதே இணைப்பில் இருந்தால் உங்களாலும் திரும்பப் போய்த் திருத்த முடியாது.

இதற்கெல்லாம் தொழில் கண்டுபிடித்த மருந்துகள் இருக்கின்றன. இன்னொரு தயாரிப்பாளரான ஜூனிபரின் கருவிகளில் ஒரு மாற்றத்தைத் தற்காலிகமாக ஏற்கச் சொல்லலாம். வேறு நேரம் குறிப்பிடாவிட்டால் 10 நிமிடத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். சிஸ்கோ கருவிகளில் மாற்றத்தைச் சேமிக்காமல், இத்தனை நிமிடத்தில் மறுதொடக்கம் ஆகட்டும் என்று முன்னரே சொல்லிவைக்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் ரத்து செய்துவிடலாம். முக்கியக் கருவிகளின் கன்சோலை (கருவியை நேரடியாக இயக்கும் வாயில்) அடையத் தனியான, பிரதான நெட்வொர்க்கைச் சாராத ஒரு வழி இருக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு பெரிய முடக்கங்களிலும் சீரமைப்பு தாமதமானதற்கு, அந்த மாற்றுவழி தேவைப்பட்ட நேரத்தில் கைகொடுக்காதது ஒரு முக்கியக் காரணம். இவற்றோடு, மாற்றத்துக்கு முன் இன்னொருவர் கட்டளைகளைப் படித்துப் பார்ப்பது, பின்வாங்கும் படிகளையும் எழுதிவைப்பது.

ஒரு நிறுவனம் இவற்றைக் கடைப்பிடிக்கிறதா என்பது அங்கே உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடும். தவறு நடந்த பிறகு ‘யார் செய்தது’ என்று மட்டும் கேட்கும் இடத்தில் நல்ல பொறியாளர்கள் நிலைப்பதில்லை. ‘எது இதை நடக்கவிட்டது’ என்று கேட்கும் இடத்தைத் தேடுங்கள்.

சம்பளம் எப்படி?

நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் தொகை சொல்வதில் பயனில்லை. போக்கைச் சொல்லலாம். தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் மென்பொருள் உருவாக்குபவர்களைவிடக் குறைவு. கண்காணிப்பு மையத்திலேயே தங்கிவிட்டால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். ரூட்டிங், பாதுகாப்பு, கிளவுட், தானியக்கம் ஆகியவற்றில் இரண்டையாவது ஆழமாகப் பிடித்தவர்களுக்கு நடுவயதில் நல்ல உயர்வு வருகிறது. அங்கே போட்டியும் குறைவு, ஏனென்றால் பலர் அதுவரை பொறுத்திருப்பதில்லை.

பணம் மட்டுமே முதல் நோக்கம் என்றால் வேறு துறைகள் சீக்கிரம் தரும். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சான்றிதழ்கள் கட்டாயமா?

முதல் வேலைக்கு உதவும், அதன் பிறகு அனுபவம் பேசும். கணினித் துறையில் சான்றிதழுக்கு இந்த அளவு மதிப்புக் கொடுக்கும் பிரிவுகள் சிலவே. அது ஒரு நன்மை. பெரிய கல்லூரியில் படிக்காதவரும் தன் திறமையைக் காட்ட ஒரு பொதுவான அளவுகோல் கிடைக்கிறது.

சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ் இன்றும் நல்ல தொடக்கம். 2020 பிப்ரவரி முதல் அது ஒரே தேர்வாக இருக்கிறது, 3 ஆண்டுகள் செல்லும். ஐபி முகவரி, சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு), வீலேன், ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிரும் முறை), வயர்லெஸ், பாதுகாப்பின் அடிப்படை, தானியக்கத்தின் அறிமுகம் எல்லாம் அதில் உண்டு. காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் எந்தத் தயாரிப்பாளரையும் சாராதது. உச்சியில் 1993 முதல் நடந்துவரும் சிஸ்கோவின் சிசிஐஇ சான்றிதழ் இருக்கிறது. அதன் செய்முறைத் தேர்வு 8 மணி நேரம்.

குறைகளும் உண்டு. கட்டணம் கணிசமானது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், படிப்பதற்கு வேண்டிய மாலை நேரங்களும் உங்கள் கணக்கில்தான். இன்னொன்று, தேர்வு வினாக்களைத் திருட்டுத்தனமாகத் தொகுத்து விற்பவர்களை நம்பி மனப்பாடம் செய்து தேறுபவர்கள் இருக்கிறார்கள். அது நேர்மையும் இல்லை, பயனும் இல்லை. ‘இந்த இரண்டு கணினிகளுக்கு இடையே பிங் போகவில்லை, எங்கிருந்து தொடங்குவீர்கள்?’ (பிங் என்பது மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) என்ற ஒரே கேள்வியில் அவர்கள் நேர்காணலில் வெளிப்பட்டுவிடுவார்கள்.

பொறியியல் பட்டம் இல்லாமல் வரலாமா?

வரலாம், பலர் வந்திருக்கிறார்கள். ஹெல்ப்டெஸ்க், கேபிள் பதிக்கும் வேலை, கணினிப் பராமரிப்பு ஆகியவை வழக்கமான நுழைவாயில்கள். பெரிய நிறுவனங்களில் பதவி உயர்வின்போதும் வெளிநாட்டு வேலைக்கான அனுமதியின்போதும் பட்டம் கேட்கப்படலாம் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

நிரல் எழுதத் தெரிய வேண்டுமா?

இப்போது தெரிய வேண்டும். முழு மென்பொருள் உருவாக்குபவரின் அளவுக்குத் தேவையில்லை. 200 ஸ்விட்சுகளில் ஒரே மாற்றத்தைச் செய்ய வேண்டும் என்றால் ஒவ்வொன்றாக உள்நுழைந்து தட்டச்சு செய்வது காலவிரயம், பிழைக்கும் இடம் கொடுக்கும். பைத்தான் நிரல்மொழியும் நெட்மிகோ என்ற அதன் நூலகமும், அல்லது ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவியும் தெரிந்தால் அதே வேலை ஒரு சிறு கோப்பில் முடியும். ஆனால் பிழையான கட்டளையையும் அது அதே வேகத்தில் 200 இடங்களுக்குக் கொண்டுசேர்த்துவிடும். எனவே நெட்வொர்க் முதலில், நிரல் பிறகு என்ற வரிசையைப் பரிந்துரைப்பேன்.

கிளவுட் வந்துவிட்டதே, இந்த வேலை இன்னும் எத்தனை நாள்?

இதே கேள்வி 2010களின் தொடக்கத்தில் மென்பொருள்வழி நெட்வொர்க்கிங் (கருவிகளை மையமான மென்பொருளால் கட்டுப்படுத்துவது) பேசப்பட்டபோதும் எழுந்தது. அன்று சொன்னதில் பாதி நடந்தது, வேலையின் தன்மை மாறியது. வேலை மறையவில்லை.

உண்மையில் குறைந்துவருவது எது என்று நேராகப் பார்ப்போம். நிறுவனங்கள் தங்கள் கட்டடத்திலேயே சர்வர் அறை வைத்து, அதைப் பராமரிக்க ஆள் வைப்பது குறைகிறது. கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து அடிப்படை அமைப்பைத் தட்டச்சு செய்து தரும் வேலையை, கிளைகளின் இணைப்பை மென்பொருளால் நிர்வகிக்கும் எஸ்டி-வேன் போன்றவை தானாகச் செய்கின்றன. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அமைப்பின் அண்மைக் கணிப்புகளில்கூட, நெட்வொர்க் நிர்வாகிகளின் எண்ணிக்கை சற்றுக் குறையும் என்றும் நெட்வொர்க் வடிவமைப்பாளர்களின் எண்ணிக்கை சராசரியைவிட வேகமாக உயரும் என்றும் இரண்டு திசைகள் தெரிகின்றன. அமைத்துத் தருபவருக்குக் காலம் கடினமாகிறது, யோசித்து வகுப்பவருக்குக் காலம் விரிகிறது.

கிளவுடுக்குள் போனாலும் சப்நெட் பிரிக்க வேண்டும், வழித்தட அட்டவணை எழுத வேண்டும், அலுவலகத்தோடு விபிஎன் (இணையத்தின் மேல் அமைக்கும் பாதுகாப்பான தனிப்பாதை) அல்லது தனி இணைப்பு வழியே சேர்க்க வேண்டும். அங்கே இரண்டு குழுக்கள் ஒரே ஐபி வரம்பைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு இணைக்க முடியாமல் தவிப்பது மிகச் சாதாரணம். அந்தச் சிக்கலை முன்கூட்டியே பார்ப்பதற்கு நெட்வொர்க் தெரிந்தவர்தான் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு?

இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. அமைப்புக் கோப்பை எழுதித் தருவது, பதிவுகளைச் சுருக்கித் தருவது ஆகியவற்றை அது செய்யும். கண்காணிப்பு மையத்தின் முதல்நிலை வேலைகளுக்கு இது நெருக்கடி. புதிதாக வருபவர்கள் ஏறும் முதல் படியே அதுதான் என்பதால் எனக்கு இதில் கவலை இருக்கிறது. மறுபக்கம், பெரிய மாதிரிகளைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கான ஜிபியுக்களை (கணக்கீட்டுச் சில்லுகள்) 400, 800 கிகாபிட் இணைப்புகளால் பிணைக்கிறார்கள். அங்கே ஓர் இணைப்பில் பாக்கெட் தவறினாலும் மற்ற ஜிபியுக்கள் அதற்காகக் காத்திருக்க நேரும். தரவு மைய நெட்வொர்க் இவ்வளவு கவனம் பெற்ற காலம் அண்மையில் இருந்ததில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா? உடல் உழைப்பு இருக்குமா?

அமைப்பு, கண்காணிப்பு, வடிவமைப்பு எல்லாம் தொலைவிலிருந்தே செய்யலாம். ஆனால் பழுதான கருவியை மாற்றுவதற்கு ஓர் ஆள் அங்கே இருந்தாக வேண்டும். ரேக்கில் ஸ்விட்ச் ஏற்றுவது, தரைக்கு அடியிலும் கூரைக்கு மேலும் கேபிள் தேடுவது, காதடைக்கும் இரைச்சலும் குளிரும் நிறைந்த தரவு மையத்தில் மணிக்கணக்கில் நிற்பது எல்லாம் தொடக்கக் காலத்தில் உண்டு. காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்பவர்கள் செவித்திறனை அலட்சியம் செய்யக் கூடாது.

இதில் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது?

காரணத்தைக் கண்டுபிடிப்பதில். இதை ஒரு நிகழ்வாகச் சொன்னால்தான் புரியும்.

புதிய விபிஎன் போட்ட பிறகு ஒரு கிளையில் விசித்திரமான புகார் வருகிறது. பிங் போகிறது. உள்நுழைவுப் பக்கம் திறக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. சிறிய மின்னஞ்சல் போகிறது, கோப்பை இணைத்து அனுப்பினால் போவதில்லை. சர்வரில் பிழை இல்லை, ஃபயர்வாலில் தடை தெரியவில்லை. பலரும் பல நாள் தலையைப் பிய்த்துக்கொள்ளக்கூடிய நிலை.

காரணம் இது. ஈதர்நெட்டில் வழக்கமாக ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். விபிஎன் தன் பங்குக்குக் கூடுதல் தலைப்புகளைச் சேர்ப்பதால் உள்ளே செல்லும் பாக்கெட்டுக்கு அதைவிடக் குறைந்த இடமே மிஞ்சுகிறது. பெரிய பாக்கெட் வரும்போது ரூட்டர் ‘இது அளவில் பெரியது, சிறிதாக்கி அனுப்பு’ என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளைத் தெரிவிக்கும் முறை) செய்தி அனுப்புகிறது. நடுவில் யாரோ பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி முழுவதையும் தடுத்து வைத்திருக்கிறார்கள். செய்தி அனுப்பியவரிடம் போய்ச் சேரவில்லை. அவர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறார். சிறியவை மட்டும் தப்பிச் செல்கின்றன.

பிங்கின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிரிக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்பி, எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்தவுடன் எல்லாப் புகார்களும் ஒரே காரணத்தில் வந்து பொருந்தும் அந்தத் தருணம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையில் இருப்பவர்கள் பலர். தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் அறிகுறிகளிலிருந்து நோயைக் கண்டறியும் மருத்துவரின் நிறைவு அது. இரவு அழைப்புகளையும் பழிகளையும் தாங்க வைப்பது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பிற்காலத்தில் எங்கெல்லாம் போகலாம்?

சைபர் பாதுகாப்பு மிக இயல்பான திருப்பம். தாக்குதல் எதுவானாலும் அது நெட்வொர்க்கைக் கடந்துதான் வர வேண்டும். கிளவுட் கட்டமைப்பு, தளங்களின் நம்பகத்தன்மைப் பொறியியல், வடிவமைப்பு, கருவி நிறுவனங்களின் விற்பனைக்கு முந்தைய ஆலோசகர் பணி எனப் பல பாதைகள் உண்டு. இரவு வேலை வேண்டாம் என்று முடிவு செய்பவர்களுக்குக் கடைசி இரண்டும் நல்ல புகலிடம்.

யாருக்குப் பொருந்தாது?

செய்த வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும், பிறர் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆவணம் எழுதப் பிடிக்காதவருக்கும் கடினம். எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது, எந்த ஐபி யாருக்கு, ஏன் இந்த விதி என்று எழுதிவைக்காத நெட்வொர்க்கை அடுத்தவர் சீரமைக்கவே முடியாது. உறக்கம் கெட்டால் உடல்நலம் உடனே பாதிக்கப்படுபவர்கள் கண்காணிப்பு மைய வேலையைத் தவிர்த்து, பகல் நேரத் திட்டப் பணிகளைத் தேடுவது நல்லது.

எனக்கு இது பிடிக்குமா என்று சேர்வதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் செலவழிக்காமல் சோதித்துப் பார்க்கலாம். நெட்வொர்க்கைத் திரையில் கட்டிப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் இலவசம். அதேபோன்ற ஜிஎன்எஸ்3, மேலே சொன்ன வயர்ஷார்க் இரண்டும் அப்படியே. மூன்று ரூட்டர்கள், இரண்டு ஸ்விட்சுகள், நான்கு கணினிகள் கொண்ட ஒரு சிறிய அமைப்பைத் திரையில் கட்டுங்கள். சப்நெட்டுகளை நீங்களே பிரியுங்கள். /24 (256 முகவரிகள் கொண்ட வரம்பு) ஒன்றை நான்கு /26 (ஒவ்வொன்றும் 64 முகவரிகள்) ஆக்கினால் ஒவ்வொன்றிலும் 62 கருவிகளுக்கு இடம் கிடைக்கும் என்பதைத் தாளில் கணக்கிட்டுப் பாருங்கள், கணக்கிட்டுத் தரும் இணையதளத்தை இப்போதைக்குத் தவிருங்கள். ஓஎஸ்பிஎஃப் ஓடவிட்டு, எல்லாக் கணினிகளும் ஒன்றையொன்று பிங் செய்யும் வரை கொண்டுவாருங்கள்.

பிறகு அந்தக் கோப்பை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் மூன்று இடங்களில் கெடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு சப்நெட் மாஸ்க்கை மாற்றலாம், ஒரு போர்ட்டை வேறு வீலேனில் போடலாம், ஒரு ரூட்டரின் ஹலோ இடைவெளியை (அண்டை ரூட்டர்களுக்குத் தன் இருப்பைத் தெரிவிக்கும் கால இடைவெளி) திருத்தலாம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்றையும் கண்டுபிடிக்க உட்காருங்கள். முதலாவது கிடைத்த பிறகு அடுத்ததைத் தேடும் ஆவல் வருகிறதா, எரிச்சல் வருகிறதா என்று கவனியுங்கள். ஆவல் வந்தால் சிசிஎன்ஏ பாடத்திட்டத்தைத் தரவிறக்கி முதல் பகுதியிலிருந்து தொடங்கிவிடலாம்.